முதலில் தோட்டத்தை வரையுங்கள்: ஈ.சி.ஆர். ஓட்டல்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஸ்பாவோடு ஓட்டல் கட்டவிருக்கும் உரிமையாளர்களுக்கும், அவர்களுக்கு வரைபடம் போடும் கட்டடக் கலைஞர்களுக்கும்,

வணக்கம். உங்கள் வரைபடங்களின் நடுவே ஒரு பச்சைத் திட்டு தவறாமல் இருக்கிறது. குறுக்குவெட்டைப் பார்த்தால்தான் சங்கதி தெரியும்: புல்லுக்குக் கீழே ஒன்றரை அடி மண், அதற்கும் கீழே கார் நிறுத்தத்தின் கான்கிரீட் கூரை. அதில் புல் பிழைக்கும். புன்னையும் பூவரசும் நிழல் தருமளவு வளர நாலடி மண்ணாவது வேண்டும். கார்களைச் சாலைப் பக்கம் ஒதுக்குங்கள். தோட்டத்துக்கு அடியில் எதையும் கட்டாதீர்கள்.

தண்ணீர்க் கணக்குதான் இதற்கு முதல் காரணம். இந்தக் கரையில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும். மேலே அந்த 1 அடி இறங்கினால், அடியிலிருந்து உப்பு 40 அடி ஏறும். நீர்ச்சிகிச்சைக் குளத்துக்கும் ஷவருக்கும் நாள் முழுக்க போர்வெல்லை ஓட்டினால் முதலில் உங்கள் கிணறு கரிக்கும், அடுத்து பக்கத்துக் குப்பத்துக் கிணறு. உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் பொங்கி ஏறும் எல்லையிலிருந்து, 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுக்கக் கூடாதென்று கடலோர விதியே சொல்கிறது. 1,000 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 50,000 லிட்டர். ஐப்பசியில் ஒரே ராத்திரியில் பெய்துவிடும். கீழே வெறும் மணல் இருந்தால் அது உள்ளே இறங்கும். அதே பரப்புக்குப் புல் போட்டால் கோடையில் தினம் ஏறக்குறைய 5,000 லிட்டர் ஊற்ற வேண்டும். கடற்கரை மணலில் படரும் அடப்பங்கொடி அவ்வளவு கேட்காது.

ஸ்பாவின் கழிவுநீரை மற்றதோடு கலக்காதீர்கள். தைலக் குளியலறையிலிருந்து வெந்நீரோடு எண்ணெயும் பயத்தமாவும் வரும். சூடு ஆறாமல் எண்ணெய் சரியாகப் பிரியாது; சின்னத் தொட்டியைத் தாண்டிப்போய்க் குழாய்ச் சுவரில் ஒட்டும், மாவு சேர்ந்து களியாகும். அறைக்குள்ளேயே மாவு பிடிக்கும் வடிகட்டிக் கூடை, வெளியே மூன்று அறைத் தொட்டி, உச்ச நேரத்தில் ஒரு மணி நேரத்தில் வரும் தண்ணீராவது தங்கும் அளவு. மூடி பணியாளர் நடக்கும் பாதையில் இருக்கட்டும். புல்லுக்கு நடுவே வைத்தால் யாரும் திறந்து அள்ள மாட்டார்கள். கடினநீரை மென்னீராக்கும் வாட்டர் சாஃப்ட்னரைக் கழுவி வரும் உப்புநீருக்குத் தனிக் குழாய் வேண்டும். அது தோட்டத்துக்குப் போனால் இலை நுனி கருகும், பழி தோட்டக்காரர் தலையில் விழும்.

காற்றையும் பாருங்கள். கோடைப் பிற்பகலில் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வரும். எல்லா அறைக்கும் கடல் தெரியவேண்டுமென்று கிழக்கை ஒரே சுவராக அடைத்து, உள்ளே ஏ.சி. வெளிப்பெட்டிகளையும் அடுக்கினால் நடுமுற்றம் அடுப்புதான். இலங்கையில் தம்புள்ளைக்கு அருகே 1994-இல் திறந்த கண்டலம ஓட்டலில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா நடைகூடங்களைத் திறந்தே விட்டார். நீங்கள் தென்கிழக்கு மூலையையாவது திறந்து விடுங்கள். பெட்டிகள் மொட்டைமாடிக்குப் போகட்டும்.

இன்னொன்று. மனை 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் உள்ளாட்சிக்கு எழுதித் தரவேண்டிய 10 விழுக்காடு திறந்தவெளியை இந்தத் தோட்டக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது ஊர்ச் சொத்து. சாலையிலிருந்து ஊர்க்காரர் நேரே நுழையும்படி வரைபடத்தில் அதை வையுங்கள்.

இப்படிக்கு,
கடலோர மனைகளில் தோட்டமும் வடிகாலும் அமைப்போர்