தங்கச்சியை எதுவும் கேட்டுவிடாதே

கண்ணு,

நேற்று போனில் நீ கத்தியபோது நான் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் உன் தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். அதனால்தான் எழுதுகிறேன்.

"தங்கச்சி பையனுக்கு டாக்டர்கள் வேறு எதற்கோ மருந்து ஏற்றி ரெண்டு நாளை வீணடித்துவிட்டார்கள்" என்றாய். அப்படி இல்லை சாமி. பாலக்கோட்டிலிருந்து 108-இல் தர்மபுரிக்குக் கொண்டுபோனபோது பையனுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. கழுத்து விறைத்துக்கிடந்தது, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்த்தார்கள். அதில் வெள்ளை அணுக்கள் ஏராளம், பாக்டீரியா புகுந்தால் வருமே, அதே வகை. யார் பார்த்தாலும் மூளைக்காய்ச்சல் என்றுதான் சொல்லுவார்கள். அது பாக்டீரியாவாக இருந்தால் சில மணி நேரத் தாமதமே உயிரைக் கொண்டுபோய்விடும். ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் ஆன்டிபயாடிக் ஏற்றியது சரிதான்.

அந்த நீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையில் எதுவும் வளரவில்லை. அப்புறம் சேலத்தில் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்தோம். மூளையில் திட்டுத் திட்டாக வீக்கம், இடையிடையே பொட்டுப் பொட்டாக ரத்தக்கசிவு. ஹர்ஸ்ட் நோய் என்றார் டாக்டர். 1941-இல் ஹர்ஸ்ட் என்பவர் எழுதிவைத்தாராம். ரொம்ப அபூர்வம், பலர் பிழைப்பதில்லை என்றும் சொன்னார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்கு ரெண்டு வாரம் முன்னால் அவனுக்குச் சளி பிடித்திருந்தது. அந்தக் கிருமியை விரட்டக் கிளம்பிய எதிர்ப்புச் சக்தியே, வழி தவறி மூளை நரம்பின் மேலுறையைத் தாக்கிவிட்டது. நம் கிணற்று மோட்டார் ஒயரை எலி கடித்துவைக்குமே, அப்படித்தான் நான் புரிந்துகொண்டேன். அதை அடக்க 5 நாள் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். அது போதவில்லை என்று ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவையும் மாற்றினார்கள். ஆறாம் நாள் என் விரலை இறுக்கிப் பிடித்தான் பையன்.

"சளிதானே என்று விட்டுட்டேனேம்மா" என்று ராத்திரியெல்லாம் அழுகிறாள் உன் தங்கச்சி. எத்தனை பிள்ளைகளுக்குச் சளி வருகிறது! யாருக்கு இப்படி ஆகும் என்று யாரால் சொல்ல முடியும்? நீயும் அவளைக் கேட்டால் தாங்கமாட்டாள்.

இப்போது திண்ணையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரிக்கிறான். வலது கை இன்னும் சரியாக வரவில்லை. தோலை இடது கையால் அழுத்தி உடைத்து, பருப்பை மட்டும் வலது கையால் எடுக்கிறான். நாலில் ஒன்று கீழே விழும். நாங்கள் யாரும் எடுத்துக்கொடுப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. மாமாவிடம் பேச வேண்டும் என்கிறான். வார்த்தை கொஞ்சம் குழறும். அவன் சொல்லி முடிக்கும்வரை பொறுத்துக் கேள்.

அம்மா