ஆஃபர் லெட்டரின் இணைப்புத் தாளையும் படிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

வளாக நேர்காணலில் எத்தனை மாணவர்களுக்கு எத்தனை லட்சம் ரூபாய் பேக்கேஜ் கிடைத்தது என்ற செய்திகளையும், அவற்றைப் பெரிய எழுத்தில் போடும் கல்லூரி விளம்பரங்களையும் ஆண்டுதோறும் நாளிதழ்களில் பார்க்கிறோம். அந்தத் தொகையில் மாதந்தோறும் வங்கிக் கணக்கில் வந்து சேர்வது எவ்வளவு என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. தனியார் நிறுவனங்களின் மனிதவளப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததற்கும் அதில் கையெழுத்திடுவதற்கும் இடைப்பட்ட ஓரிரு நாட்களை நம் பிள்ளைகள் எவ்வளவு அலட்சியமாகக் கடந்துவிடுகிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்தவன் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஆண்டுக்கு 4,20,000 ரூபாய் சி.டி.சி. (ஓர் ஊழியருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) என்று ஒரு கடிதம் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டில் உள்ளவர்கள் உடனே அதைப் பன்னிரண்டால் வகுத்து, பையனுக்கு மாதம் 35,000 ரூபாய் சம்பளம் என்று உறவினர்களிடம் சொல்லிவிடுகிறார்கள். கடிதத்தின் பின்னால் இருக்கும் இணைப்புத் தாளில் கணக்கு வேறாக இருக்கும். மாத அடிப்படைச் சம்பளம் 17,500 ரூபாய் என்றால், அதில் 12 சதவீதமாகிய 2,100 ரூபாயை நிறுவனம் தன் பங்கு வருங்கால வைப்பு நிதியாகக் காட்டும். பணிக்கொடைக்கென (கிராஜுவிட்டி) 4.81 சதவீதம், அதாவது ஏறத்தாழ 842 ரூபாய் போகும். மருத்துவக் காப்பீட்டுக்கு ஒரு 500 ரூபாய் எழுதியிருப்பார்கள். சி.டி.சி.யில் பத்து சதவீதம் வேரியபிள் பே, அதாவது மாறக்கூடிய ஊதியம் என்றால், அந்த 3,500 ரூபாய் மாதாமாதம் வராது. நிறுவனத்தின் லாபத்தையும் மேலாளரின் மதிப்பீட்டையும் பொறுத்துப் பின்னர் வரலாம், வராமலும் போகலாம். மீதமுள்ள 28,058 ரூபாயில் ஊழியரின் பங்கு வைப்பு நிதி இன்னொரு 2,100 ரூபாய் பிடிக்கப்படும். சென்னையில் அரையாண்டுக்கு 1,250 ரூபாய் தொழில் வரியும் உண்டு. கடைசியில் கைக்கு வருவது சுமார் 25,750 ரூபாய். துரைப்பாக்கத்திலோ பெருங்குடியிலோ விடுதி வாடகை கொடுத்துத் தங்கப்போகும் இளைஞருக்கு இந்த ஒன்பதாயிரத்துச் சொச்சம் வித்தியாசம் சிறியதல்ல.

இதில் நிறுவனம் ஏமாற்றிவிட்டது என்று சொல்வதற்கில்லை. எல்லாமே அந்தத் தாளில் அச்சிடப்பட்டுத்தான் இருக்கிறது. ஆனால் கல்யாணப் பத்திரிகையைப் போல முதல் பக்கத்தை மட்டும் பார்த்து மகிழ்ந்து, வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டு ஓரமாக வைத்துவிடுகிறோம். கேள்வி கேட்டால் வேலையைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம் பெற்றோருக்குத்தான் அதிகம். மரியாதையாகக் கேட்கப்பட்ட கேள்விக்காக ஆஃபரைத் திரும்பப் பெற்ற நிறுவனம் எதையும் என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. புதிதாகப் படித்து வருபவரால் சம்பளத்தை உயர்த்திப் பேச முடியாமல் போகலாம், ஏனெனில் அந்தப் பேக்கேஜ் எல்லோருக்கும் பொதுவானது. ஆனால் வேரியபிள் பே எப்போது, எந்த அடிப்படையில் தரப்படும், வைப்பு நிதி முழு அடிப்படைச் சம்பளத்துக்கா அல்லது 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு மட்டுமா, பணியில் சேரும் தேதி எது, எந்த ஊர், இரவு ஷிப்ட் உண்டா என்பவற்றை மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் மின்னஞ்சலிலேயே பெற்றுக்கொள்ள யாருக்கும் உரிமை உண்டு.

வேலை தரும் எண்ணத்தை மட்டும் தெரிவிக்கும், சேரும் தேதி குறிப்பிடப்படாத லெட்டர் ஆஃப் இன்டென்ட்டை வேலை என்றே கருதிவிடக் கூடாது. ஆண்டுக்கு 6.5 லட்சம் ரூபாய் சம்பளத்துக்குத் தேர்வு செய்யப்பட்டுப் பயிற்சியும் முடித்துக் காத்திருந்த புதியவர்களிடம், 3.5 லட்சத்துக்கு வரச் சம்மதமா என்று விப்ரோ நிறுவனம் 2023 பிப்ரவரியில் கேட்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஒரு வேலை கிடைத்துவிட்டால் அடுத்த நேர்காணலில் கலந்துகொள்ளக் கூடாது என்று பல கல்லூரிகள் வைத்திருக்கும் விதி, இப்படிப்பட்ட நேரத்தில் மாணவரைக் கட்டிப்போட்டுவிடுகிறது. சேரும் தேதி உறுதியாகும் வரையிலாவது அந்த விதியைத் தளர்த்துவதுதான் நியாயம்.

குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தமாகிய பாண்டு பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. "அதெல்லாம் கோர்ட்டில் நிற்காது, கையெழுத்துப் போடு" என்று சீனியர்கள் தைரியம் சொல்கிறார்கள். மூன்று ஆண்டுகள் பணியாற்றாமல் விலகினால் 2 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. பொதுத்துறை வங்கியின் ஆட்சேர்ப்பு முறையையும் செலவையும் கருத்தில் கொண்ட தீர்ப்பு அது. எல்லா பாண்டுக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆயினும் தொகை எவ்வளவு, பயிற்சிக்கு உண்மையில் அவ்வளவு செலவாகுமா, காலம் செல்லச் செல்லத் தொகை குறையுமா என்று கேட்காமல் கையெழுத்திடுவது அறியாமையே. அசல் சான்றிதழ்களைத் தங்களிடமே ஒப்படைக்கச் சொல்லும் இடத்தில் சேராமலிருப்பதே நல்லது.

அனுபவம் உள்ளவர்களின் சிக்கல் வேறு வகையானது. ராஜினாமா செய்தவரை 90 நாள் நோட்டீஸ் என்று பிடித்து வைக்கும் அதே நிறுவனம், தான் ஆள் எடுக்கும்போது பதினைந்து நாளில் சேர முடியுமா என்று கேட்கும். அந்த மூன்று மாத இடைவெளியில் கையில் உள்ள ஆஃபரைக் காட்டி இன்னொன்றும், அதைக் காட்டி மூன்றாவதும் வாங்குவது வழக்கமாகிவிட்டது. சேர வேண்டிய திங்கட்கிழமை காலையில் மேசையும் மடிக்கணினியும் தயாராக இருக்க, வர வேண்டியவரின் கைப்பேசி அணைக்கப்பட்டிருக்கும். இதற்காக இளைஞர்களை மட்டும் திட்டுவது சரியல்ல. இந்தப் பழக்கத்தை வளர்த்தது அந்த நீண்ட நோட்டீஸ்தான். எனினும், வேறிடத்தில் சேர முடிவெடுத்த அன்றே இரண்டு வரி மின்னஞ்சலில் தெரிவித்துவிட்டால் அடுத்த நிலையில் காத்திருக்கும் ஒருவருக்கு அந்த வாய்ப்புப் போகும். பேரம் பேசுபவர்கள், கையில் இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்வதும், பே ஸ்லிப்பைத் திருத்துவதும் ஆபத்தானவை. வைப்பு நிதியில் ஒவ்வொரு ஊழியருக்கும் உள்ள யு.ஏ.என். என்ற கணக்கு எண்ணின் பதிவிலேயே எங்கே, எந்தத் தேதி வரை பணியாற்றினார் என்பது தெரிந்துவிடும். தொலைபேசியில் சொன்ன தொகையை நம்பி, எழுத்தில் ஆணை வருமுன் இருக்கும் வேலையை ராஜினாமா செய்வதும் அதே அளவுக்கு ஆபத்தானது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், எல்லாத் தொழிலாளர்களுக்கும் பணிநியமனக் கடிதம் தர வேண்டும் என்கின்றன. மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேல் படிகளாக (அலவன்ஸ்) பிரித்துக் காட்டினால், மிகுதியை ஊதியமாகவே கணக்கிட வேண்டும் என்றும் சொல்கின்றன. இதனால் வைப்பு நிதிப் பிடித்தமும் பணிக்கொடையும் உயரும் இடங்களில், சி.டி.சி. மாறாமலேயே கைக்கு வரும் தொகை குறையக்கூடும். ஆகவே மாதம் கைக்கு வரும் உத்தேசத் தொகையை ஆஃபர் லெட்டரின் முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்று தமிழ்நாடு அரசின் தொழிலாளர் துறை நிறுவனங்களை வலியுறுத்த வேண்டும். மாணவர்களின் திறன் வளர்ப்புக்காகத் தமிழ்நாடு அரசால் 2022 மார்ச்சில் தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகளில், உண்மையான ஆஃபர் லெட்டர் ஒன்றைப் பெயர்களை நீக்கிக் கையில் கொடுத்து, இணைப்புத் தாளோடு வரிவரியாகப் படிக்கவைக்கும் ஒரு வகுப்பையும் சேர்க்கலாம். அதற்குப் பெற்றோரையும் அழைத்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனிதவள மேலாளர்,
கோயம்புத்தூர்.