ஒப்புதல் தருமுன் நாட்குறிப்புத் தாளையும் படியுங்கள்

கோவை, ஈரோடு, திருப்பூர் பகுதி மருத்துவமனைகளின் நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பார்க்கின்சன் மருந்து ஆய்வு உங்களிடம் வரும்போது ஒப்புதல் படிவத்தை வரி வரியாகப் பார்க்கிறீர்கள். நோயாளி வீட்டில் நிரப்பும் நாட்குறிப்புத் தாளையும் அப்படியே பார்க்க வேண்டுகிறோம்.

அரை மணிக்கு ஒன்றாக நாளுக்கு 48 கட்டங்கள். தூக்கமா, மருந்தின் வேகம் இறங்கி உடம்பு இறுகிவிட்டதா, மருந்து நன்றாக வேலை செய்கிறதா, வேலை செய்யும்போதே உடம்பு தானாக நெளிகிறதா, அந்த நெளிவு தொந்தரவு தருகிறதா என்று ஐந்தில் ஒன்றைக் குறிக்க வேண்டும். இந்த நெளிவைத் தாளில் ‘தன்னிச்சையற்ற மிகை இயக்கம்’ என்று அச்சடித்தால் யாருக்குப் புரியும்? கோபிப் பக்கத்து விவசாயிக்கு நோயின் நடுக்கமும் ஆட்டம்தான். பார்க்கின்சனுக்குத் தரும் முக்கிய மருந்தான லெவோடோபா உச்சத்தில் இருக்கும்போது வரும் நெளிவும் ஆட்டம்தான். மருந்து வேலை செய்யும் நேரத்தை மருந்து இறங்கிய நேரமாகக் குறித்துவிடுவார். புது மருந்து பலன் தந்திருந்தாலும் கணக்கில் வராது.

“கையி காலு வரமாட்டீங்குதுங்க” என்று அவர் சொல்வதையே, உடம்பு இறுகிய நேரத்துக்கான தலைப்பாகப் போடலாம். நெளிவை வீடியோவில் காட்டிவிட வேண்டும். பிறகு மாத்திரைக்கு முன் தொடங்கி நான்கு மணி நேரம் ஒருங்கிணைப்பாளரும் நோயாளியும் தனித்தனியே குறித்து ஒப்பிட வேண்டும். எட்டுக் கட்டங்களில் ஆறு கட்டமாவது ஒத்துப்போகாவிட்டால் பயிற்சியைத் திரும்பத் தர வேண்டும். 48 கட்டமும் ஒரே பேனாவில், ஒரே அழுத்தத்தில் இருந்தால் முந்தின ராத்திரி உட்கார்ந்து நிரப்பியது என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, மாத்திரை இல்லாமல் செய்யும் காலைப் பரிசோதனை. 12 மணி நேரம் லெவோடோபா நிறுத்தியவரைத் தாளவாடியிலிருந்து, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவு வழியாகப் பஸ்ஸில் வரச் சொல்வது கொடுமை. படுக்கையில் புரளக்கூட முடியாமல் விடியற்காலையில் ஒரு மாத்திரை போட்டுவிட்டு, பயந்து சொல்லாமலும் இருப்பார். பரிசோதனையில் போடும் மதிப்பெண் பொய்யாகிவிடும். முந்தின மாலையே துணையோடு தங்க இடம், துணைக்கு வருபவரின் ஒரு ஷிப்ட் கூலி, பரிசோதனை முடிந்ததும் கையில் மாத்திரை: மூன்றும் பட்ஜெட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். வழியில் விழுந்து அட்மிட் ஆனால், 2019 புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகளின்படி 24 மணி நேரத்துக்குள் உங்களுக்கே அறிக்கை வர வேண்டும்.

விதிப்படி உங்கள் குழுவில் பொதுமக்களில் ஒருவர் இருக்கிறார். அடுத்த கூட்டத்துக்கு முன் அவரிடம் அந்தத் தாளைக் கொடுத்து ஒரு நாள் நிரப்பச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தைத் திருத்தி வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
கொங்கு மண்டல நரம்பியல் ஆய்வு ஒருங்கிணைப்பாளர்கள் சிலர்