ஃப்ரீசரைப் பற்றி ஒரு கடிதம்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள மனோகரா,

இங்கே எல்லோரும் நலம், என் முழங்கால் நீங்கலாக. இத்தனை நாள் எழுதாததற்கு நீ திட்டப்போவதை அப்புறம் சாவகாசமாக வாங்கிக்கொள்கிறேன். இப்போது விஷயம் வேறு.

போன வாரம் சோமேஸ்வரர் கோயில் வாசலில் சுமதி அக்காவைப் பார்த்தேன். கயல் மாசமாக இருக்கிறாளாம், பிரசவத்துக்கு உன்னிடம்தான் வருகிறாளாம். ரொம்ப சந்தோஷம்டா. நீ தாத்தா ஆவதைக்கூட நம்பிவிடலாம்; கோழிக்கடை சம்பவத்துக்குப் பிறகும் நீ ஸ்காட்லாந்தில் மான் வேட்டைக்காரன் ஆனதைத்தான் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. கேப்டன் பாஸ்கரன் கேள்விப்பட்டால் என்.சி.சி. சர்டிஃபிகேட்டைத் திருப்பிக் கேட்பார். அக்கா போனில் ஒரு படம் காட்டினார்கள், ஃப்ரீசர் நிறைய மான் கைமா. “பொண்ணு வந்தா வாரத்துல மூணு நாள் இதுதான்னு சொல்றான்” என்றார்கள். சிரித்துவிட்டு வந்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

நேராகவே கேட்கிறேன். உன் .243 ரைஃபிளில் இன்னும் காரீயக் குண்டுதானே போடுகிறாய்?

அது மானின் உடம்பில் பட்டதும் விரிந்து நசுங்க வேண்டும், அதற்காகவே செய்தது. நசுங்கும்போது பொடியாகச் சிதறவும் செய்கிறது. எக்ஸ்ரே எடுத்தால் காயத்தில் மட்டுமல்ல, நல்ல கறி என்று நீ வைத்துக்கொள்கிற இடத்திலும் புள்ளி புள்ளியாகத் தெரியும். நாக்குக்குத் தட்டுப்படாது. கைமா அரைத்தாயானால் ஒரு துண்டில் இருந்தது பல பொட்டலங்களுக்குப் பரவிவிடும். உங்கள் உணவுத் தர முகமை 2012-லேயே சொல்லிவிட்டது: காரீயத்தால் சுட்ட வேட்டைக் கறியைக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் கூடுமான வரை குறைத்துக்கொள்ள வேண்டும் என்று. இன்னொன்று. காரீயம் எலும்பில் போய் உட்கார்ந்தால் பல வருஷம் அங்கேயே கிடக்கும். பிள்ளை உண்டாகும்போது எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தோடு அதுவும் கரைந்து ரத்தத்துக்கு வரும், அங்கிருந்து பிள்ளைக்கு. கயல் எத்தனை வருஷமாக உன் கறியைச் சாப்பிடுகிறாள்? டாக்டரிடம் சொல்லி ரத்தத்தில் காரீய அளவைப் பார்க்கச் சொல். பயமுறுத்தாமல் சொல், உனக்கு அது வராது, பத்மாவை விட்டுச் சொல்லச் சொல். நீயும் நானும் 2000 வரைக்கும் காரீயம் கலந்த பெட்ரோல் புகையில் வளர்ந்த ஜென்மங்கள், நம்மை விடு.

செம்புக்கு மாறு என்றால் நீ என்ன சொல்வாய் என்று தெரியும். “சின்ன ரைஃபிள்டா, செம்பு லேசு, சரிப்படாது.” அதனால் ஞாயிற்றுக்கிழமை பீன்யா பட்டறையைத் திறந்து உட்கார்ந்தேன். காரீயக் கம்பி ஒன்று, செம்புக் கம்பி ஒன்று, இரண்டையும் லேத்தில் உன் .243 குண்டின் குறுக்களவான 6.17 மில்லிமீட்டருக்குக் கடைந்தேன். செம்பு வழக்கம்போல நூல் நூலாகச் சுருண்டு டூலில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கியது. சேட்டு கடைத் தராசை இரவல் வாங்கி, இரண்டையும் 100 கிரெயினுக்கு, அதாவது சுமார் ஆறரை கிராமுக்கு நறுக்கினேன். வெர்னியரில் காரீயம் 19 மில்லிமீட்டர், செம்பு 24. இந்த அஞ்சு மில்லிமீட்டர்தான் உன் தலைவலி. குண்டு நீளமானால் அது ஆடாமல் போக இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். குண்டைச் சுழற்ற .243 குழலுக்குள் வெட்டியிருக்கும் வரி பெரும்பாலும் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான், அது பத்தாது. அப்புறம் செம்பை 80 கிரெயினுக்கு நறுக்கிப் பார்த்தேன். 19 மில்லிமீட்டரும் கொஞ்சமும்! உன் பழைய காரீயக் குண்டின் அதே நீளம்.

2023-ல் ஸ்காட்லாந்தில் பெரிய மானுக்கான குண்டின் குறைந்தபட்ச எடையை 100-லிருந்து 80 கிரெயினாகக் குறைத்தார்களே, அது எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஆகவே 100 தேடி அலையாதே, 80 வாங்கு. எடை குறைந்தால் வேகம் கூடும், செம்புக்கு அதுதான் வேண்டும். வேகம் தளர்ந்தால் அது விரியாமல் ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும், மான் ஓடி எங்கேயோ விழுந்து சாகும். அந்தப் பாவம் உனக்கு வேண்டாம், கிட்டப் போய்ச் சுடு. உடையாத குண்டு கல்லில் பட்டால் தெறித்துப் பறக்கும், பின்னால் மண்மேடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள். இரண்டு மூன்று கம்பெனித் தோட்டாவைக் காகிதத்தில் சுட்டுப் பார், ஒரு குழலுக்குப் பிடித்தது இன்னொன்றுக்குப் பிடிக்காது. குறியையும் புதிதாகச் சரிபார். விலை கூடத்தான். கைமாவுக்குத் தனி ஃப்ரீசர் வாங்கியவன் விலையைப் பற்றிப் பேசக்கூடாது.

எப்படியும் விடமாட்டார்கள். பிரிட்டனில் காரீயக் குண்டுக்குத் தடை வரும் என்று 2025 ஜூலையில் அறிவித்தாகிவிட்டது, மூன்று வருஷ அவகாசம். குண்டின் குறுக்களவு 6.17 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் விலக்கு என்கிறார்கள், உன் .243 சரியாகக் கோட்டின் மேலேயே நிற்கிறது. ரோ என்கிற சின்ன மானுக்கு .223 ரைஃபிள் போதுமே, அது தப்பித்துவிடுமே என்று நழுவப் பார்க்காதே. சட்டம் விட்டாலும் கைமா விடாது.

நீ மலையில் போட்டுவிட்டு வருகிற குடலைக் கழுகு தின்னுமே, அதற்கும் இதே கதிதான். கலிஃபோர்னியாவில் காண்டோர் கழுகுகள் இப்படிச் செத்துத்தான், 2019-லிருந்து வேட்டைக்குக் காரீயமே கூடாது என்றார்கள். நம் ராமநகரப் பாறையில் முன்பெல்லாம் கழுகு பார்ப்போமே, நாட்டில் அந்த இனத்தையே மாட்டுக்குப் போட்ட வலி மருந்து கிட்டத்தட்ட அழித்தது. அதைப் பற்றி ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது.

இருக்கிற கைமாவைக் கயல் வருவதற்கு முன் கொட்டிவிடு. அக்கம்பக்கத்தில் தானம் பண்ணாதே, நாய்க்கும் போடாதே. குழலில் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று பார்த்து எழுது, மீதியைக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். பத்மாவை விசாரித்ததாகச் சொல்.

உன்
துரை