பயிற்சிக்குப் புறப்படும் தம்பி தங்கைகளுக்கு

மிஷனெரிப் பயிற்சிக்குத் தேர்வாகியிருக்கும் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு,

ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உங்களில் ஆறு பேரை முன்னால் நிற்கவைத்துப் பொன்னாடை போர்த்தி நம் சபைப் போதகர் ஐயர் ஜெபம் பண்ணினார். கடைசி பெஞ்சில் நானும் இருந்தேன். முட்டிவலி, அதனால் எழுந்து நிற்கவில்லை. பிறகு டீ குடிக்கும்போது உங்களில் ஒரு தங்கை என்னிடம் வந்து, "ஆன்ட்டி, அங்க போறதுக்குள்ள என்ன படிச்சு வச்சுக்கணும்?" என்று கேட்டாள். வாயில் மிக்சரை வைத்துக்கொண்டு ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அவளுக்குச் சொல்ல வேண்டியது உங்கள் எல்லோருக்கும்தான் என்பதால் பொதுவில் எழுதுகிறேன். சபைப் பெரியவர்களும் படிக்கலாம். அவர்களுக்கும் கொஞ்சம் வைத்திருக்கிறேன்.

வேதபாடம், பிரசங்கம், சபைச் சரித்திரம் எல்லாம் பயிற்சியில் சொல்லிக்கொடுப்பார்கள். அதில் நான் தலையிடப்போவதில்லை. ஒன்றை மட்டும் அங்கே சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். பணித்தளத்தில் இறங்கிய பிறகு முதல் ஒரு வருஷம் நீங்கள் யாருக்கும் பிரயோஜனப்படாத ஆளாக இருப்பீர்கள். இங்கே ஓய்வுநாள் பள்ளி நடத்தினவர், கீபோர்டு வாசித்தவர், வாலிபர் கூட்டத்துக்குச் செயலாளராக இருந்தவர், அங்கே போனால் உப்பு எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்கத் தெரியாமல் நிற்பார். ஐந்து வயதுப் பிள்ளை உங்கள் பேச்சைக் கேட்டுச் சிரிக்கும். இதைத் தாங்கமாட்டாமல் மூட்டை கட்டியவர்கள் என்னோடு போனவர்களிலேயே உண்டு. அவர்களுக்கு விசுவாசம் குறைந்துவிடவில்லை, வெட்கம்தான் தாங்கவில்லை.

நான் போனது கும்லா பக்கம். இப்போது ஜார்க்கண்ட், அப்போது பீகார். ஓராவோன் பழங்குடி மக்கள், பேச்சு குருக் மொழி, சந்தைக்குப் போனால் சாத்ரி. எனக்கு இரண்டும் தெரியாது. போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரம் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். காய்ச்சலில் கிடந்த ஒரு பெண்பிள்ளை, நாலு வயசிருக்கும், என்னைப் பார்த்து "அம்ம்... அம்ம்..." என்றது. எனக்கு உள்ளே எல்லாம் கரைந்துபோயிற்று. தூக்கி மடியில் போட்டு, தலையைத் தடவி, எங்கள் பாட்டி பாடின தாலாட்டைத் தமிழிலேயே பாடினேன். அது இன்னும் பலமாக அழுதது. நானும் இன்னும் பலமாகப் பாடினேன். உள்ளேயிருந்து வந்த கிழவி ஒன்றும் பேசாமல் பிள்ளையை வாங்கி, லோட்டாவில் தண்ணீர் மொண்டு வாயில் வைத்தாள். மடமடவென்று குடித்துவிட்டு அது தூங்கிப்போனது.

குருக்கில் 'அம்ம்' என்றால் தண்ணீர். தாகத்துக்கு நான் தாலாட்டுப் பாடியிருக்கிறேன்.

பிற்பாடு விவரம் தெரிந்தது. குருக்கும் நம் தமிழைப் போலத் திராவிட மொழிதான். வாய்க்கு அவர்கள் 'பை' என்பார்கள். கண்ணுக்குச் சொல்வதும் கிட்டத்தட்ட நம் 'கண்'தான், 'க' மட்டும் தொண்டைக்குள்ளிருந்து வரும். பழந்தமிழிலும் 'அம்' என்றால் நீர் என்று அகராதியில் இருக்கிறது. இதெல்லாம் கேட்க அழகாக இருக்கும். ஆனால் அன்றைக்கு என்னை ஏமாற்றியது அந்த உறவுதான். புரியாத சொல்லாக இருந்திருந்தால் யாரையாவது கேட்டிருப்பேன். தெரிந்த சொல் மாதிரி இருந்ததால்தானே கேட்கவில்லை?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் வெட்கக்கேடான கதை. நம்ம ஊர்ப் பெண்ணுக்குத் தலையில் ஒரு முழம் பூ இல்லாவிட்டால் கை ஒடிந்த மாதிரி. (பூவே வைக்கக்கூடாது என்கிற சபைகள் உண்டு. அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.) அங்கே மல்லியும் கிடையாது, கனகாம்பரமும் கிடையாது. பங்குனி வாக்கில் ஊரோரத் தோப்பில் சால் மரங்கள் வெளுப்பாகப் பூத்துக் கொட்டின. தாழ்ந்த கிளையிலிருந்து ஒரு கொத்து ஒடித்துச் செருகிக்கொண்டேன். அன்று சாயங்காலத்திலிருந்து, வழக்கமாக என்னிடம் மருந்து வாங்க வருகிறவர்களில் ஒருவரும் வரவில்லை. மறுநாளும் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. திட்டவும் இல்லை, முறைக்கவும் இல்லை, எதிரே வந்தவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள்.

நாலாம் நாள் அந்தத் தண்ணீர் கொடுத்த கிழவிதான் வந்து சொன்னாள். அது வெறும் தோப்பு இல்லை, சர்னா, அவர்களுடைய கும்பிடுமிடம். சர்ஹுல் பண்டிகையில் பாஹன் என்கிற பூசாரி படைக்கிற வரைக்கும் புதுப் பூவை யாரும் தொடமாட்டார்கள். நான் போய் பாஹனிடம் கையைக் கூப்பினேன். எனக்குத் தெரிந்த சாத்ரியில் இருபது வார்த்தை இருந்தால் அதிகம். அவர் சிரித்துவிட்டார். பண்டிகை முடிந்து வீடு வீடாகச் சால் பூ கொடுத்துக்கொண்டு வந்தவர் என் வாசலிலும் நின்றார். வாங்கிக்கொண்டேன். இதை மாதக் கடிதத்தில் எழுதிவிட்டேன் என்பதற்காக, எங்கள் அலுவலகத்தில் ஒரு பெரியவர் விளக்கம் கேட்டு மூன்று பக்கம் எழுதினார். நான் நாலு பக்கம் பதில் போட்டேன். அது தனிக் கதை.

சரி, உங்களுக்கு வருகிறேன். பயிற்சிக்கு இன்னும் ஏழெட்டு வாரம் இருக்கிறது. அதில் புத்தகம் வாங்கிக் குவிக்க வேண்டாம். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலும் காதில் விழும். இந்த வசதி தமிழ்நாட்டில் எத்தனை ஊருக்கு வாய்க்கும்? நீங்கள் கிருஷ்ணகிரி டவுன் ஆளாக இருந்தால், பேரிகைப் பக்கம் தெலுங்கு பேசுகிற ஒரு வீட்டில் இரண்டு வாரம் தங்குங்கள். தளிப் பக்கம் கன்னட வீடு கிடைத்தாலும் சரி. சாப்பாட்டுக்குக் காசு கொடுத்துவிடுங்கள். ரோஜா பறிக்கவோ மாட்டுக்குத் தண்ணீர் காட்டவோ கூடப் போங்கள். ஒரே நிபந்தனை, தமிழ் பேசக்கூடாது. பிரசங்கமும் கூடாது. தட்டை நீங்களே கழுவ வேண்டும். அந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை, யார் வந்தால் யார் எழுந்து நிற்கிறார்கள், பெண்கள் எப்போது சாப்பிடுகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். இரண்டாம் நாளே ஓடிவரத் தோன்றும். ஓடிவந்தால்கூடப் பேரிகையிலிருந்து பஸ் இருக்கிறது, கும்லாவிலிருந்து அப்படி இல்லை.

போச்சம்பள்ளி சந்தைக்கும் போகச் சொல்வேன். ஆனால் அது ஞாயிற்றுக்கிழமையில் கூடுகிறது, ஐயர் என்னைச் சும்மா விடமாட்டார்.

தேவநாகரி எழுத்தை இப்போதே பழகுங்கள். 1968-லிருந்து நம் பள்ளிகளில் இருமொழிதான், அதனால் உங்களில் பலருக்கு இந்தி ஓர் எழுத்துகூடத் தெரியாது. அதில் தப்பில்லை, பயப்படவும் வேண்டாம். நமக்கு ஒரு 'க' இருக்கிற இடத்தில் அங்கே நாலு இருக்கும். நாக்கு திரும்ப நாளாகும். சாப்பாடு கேட்கப்போய்ப் பாட்டு கேட்டுவிட்டு நிற்பீர்கள் (நம் எழுத்தில் இரண்டுமே 'கானா'தான்), எல்லோரும் சிரிப்பார்கள், நீங்களும் கூடச் சிரித்துவிடுங்கள். சாப்பாட்டில் மட்டும் உங்களுக்கு ஓர் ஆறுதல். நம் கேழ்வரகுதான் அங்கே மடுவா. களியாகக் கிண்டாமல் ரொட்டியாகத் தட்டுகிறார்கள். முதல் முறை அதைப் பிட்டு வாயில் போட்டபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

மொழிக்கு எவ்வளவு மதிப்பு என்று தெரியவேண்டுமானால் நம் ஊர்ச் சரித்திரத்தையே பாருங்கள். அமெரிக்காவின் மிசௌரி சினாடு லுத்தரன் சபை தன் முதல் வெளிநாட்டுப் பணிக்கு நினைத்திருந்த இடம் ஜப்பான். தமிழ்நாட்டில் லைப்சிக் என்கிற ஜெர்மானிய மிஷனில் வேலை செய்து தமிழ் பழகிய இரண்டு பேர், தியடோர் நேத்தரும் பிரான்ஸ் மோனும், அந்த மிஷனை விட்டு விலகி அவர்களிடம் வந்து சேர்ந்தார்கள். உடனே ஜப்பானை விட்டுவிட்டு இந்தியா என்று முடிவு செய்தார்கள். 1895-ல் நேத்தர் வந்து வேலை தொடங்கிய ஊர் நம் கிருஷ்ணகிரி. மொழி தெரிந்த இரண்டு ஆளுக்காக ஒரு தேசத்தையே மாற்றியிருக்கிறார்கள். 1904-ல் நேத்தர் பிளேக்கில் போய்விட்டார்.

அதனால் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு முதல் மழைக்காலத்திலேயே மலேரியா. ஜெபத்திலேயே சரியாகும் என்று இரண்டு நாள் படுத்துக்கிடந்தேன். மூன்றாம் நாள் நினைவு தப்பி, ஓராவோன் பையன்கள் நாலு பேர் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஊழியம் செய்ய வந்தவளைச் சுமப்பது அவர்கள் வேலையாகிவிட்டது. காய்ச்சல் என்றால் அன்றைக்கே ரத்தம் எடுத்துப் பாருங்கள், ஜெபத்தை வரிசையில் நிற்கும்போது பண்ணிக்கொள்ளலாம்.

சட்டத்தையும் தெரிந்துகொண்டு போங்கள். அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பரப்பும் உரிமைக்குள் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒடிசாவில் 1967-லிருந்தும் மத்தியப் பிரதேசத்தில் 1968-லிருந்தும் மதமாற்றத் தடைச் சட்டம் இருக்கிறது. ஜார்க்கண்டில் 2017-ல் வந்தது. வற்புறுத்தி, ஆசைகாட்டி, ஏமாற்றி மாற்றினால் குற்றம். மாத்திரை கொடுக்கிற கையோடு துண்டுப்பிரசுரம் கொடுக்காதீர்கள். டியூஷனுக்கு வருகிற பிள்ளையை ஜெபத்துக்கு உட்கார வைக்காதீர்கள். சட்டம் இல்லாவிட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். காய்ச்சல்காரனுக்கு மாத்திரை வேண்டும், அதற்காக நீங்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவான். அந்தத் தலையாட்டலை வைத்து என்ன செய்வீர்கள்?

இப்போது சபைப் பெரியவர்களுக்கு. ஐயா, பொன்னாடை போர்த்தினது சந்தோஷம். ஆனால் மூன்றாவது மாதத்துக்குமேல் இந்தப் பிள்ளைகளுக்குக் கடிதம் போட ஆள் இருக்காது, படிப்பணமும் தாமதமாகும். என் அனுபவம் அது. பிறகு ஆறு மாதம் கழித்து ஒரு படிவம் வரும், அதில் 'ஞானஸ்நானம் பெற்றோர் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தைப் பார்த்துப் பார்த்தே நல்ல பிள்ளைகள் பொய் எழுதக் கற்றுக்கொள்கிறார்கள். இதே ஓராவோன் மக்களிடம், 1845-ல் ராஞ்சிக்குப் போன கோஸ்னர் மிஷன் ஜெர்மானியர் முதல் ஞானஸ்நானம் கொடுத்தது 1850-ல். உங்கள் படிவம் அவர்களிடம் போயிருந்தால், ஓராவோன் மக்கள் கணக்கில் நாலரை வருஷம் பூஜ்யம் போட்டு அனுப்பியிருப்பார்கள். அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, 'உங்களுக்குச் சாப்பாடு போட்ட வீடு எத்தனை' என்று கேட்டுப் பாருங்கள்.

பிள்ளைகளே, அப்பா அம்மாவிடம் சண்டைபோட்டுக்கொண்டு யாரும் கிளம்ப வேண்டாம். தங்கைக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் அது முடிந்து அடுத்த பேட்சில் போங்கள். சைக்கிள் பஞ்சர் ஒட்டவும், மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குத் திரி மாற்றவும், இருபது பேருக்குச் சோறு வடிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். ஆண்பிள்ளைகளுக்கும்தான்.

என்னிடம் நல்ல கொசுவலை மூன்று இருக்கிறது. ஒன்றில் ஒரு மூலை மட்டும் கிழிந்திருக்கிறது, தைத்துவிடலாம். ஆறு பேருக்குப் பத்தாது. முதலில் வருகிற மூன்று பேருக்குத் தருவேன். சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் வீட்டில்தான் இருப்பேன். மிக்சர் சாப்பிடும்போது கேள்வி கேட்ட அந்தத் தங்கை மட்டும் கட்டாயம் வரவும்.

இப்படிக்கு,
கடைசி பெஞ்சு ஆன்ட்டி,
கிருஷ்ணகிரி