ஏழு மார்க் கேம் வாங்கியவனுக்கு இதுதான் மரியாதையா?

அனுப்புநர்:
ஒரு வாடிக்கையாளர்,
கோவில்பட்டி,
தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: உங்கள் வீடியோ கேமின் ஏழாம் அத்தியாயப் பாலத்தில் 43 மணி நேர சேவ் (ஆடிய வரைக்கும் பதிவாகிற ஃபைல்) அழிந்தது, மதுரைக்கு வீணாக அலையவிட்டது, போனில் அவமதித்தது தொடர்பாகப் பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்களுக்கு நான் எழுதும் ஆறாவது கடிதம் இது. முதல் ஐந்தும் மின்னஞ்சல்கள். ஐந்துக்கும் வெவ்வேறு பெயர்களில் பதில் வந்தது, தீர்வு வரவில்லை. இதைத் தமிழில் எழுதக் காரணம், ஆங்கிலத்தில் எனக்குக் கோபம் சரியாக வரமாட்டேன் என்கிறது.

எந்த கேம் என்று விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் அதற்குத் தோணிக்காரி என்று பெயர். உடைந்த பாலம், இரண்டாவது மதகைத் திறந்ததும் வரும் கட்சீன், அதாவது நாம் ஆடாமல் பார்க்க மட்டும் செய்கிற கதைக்காட்சி. செய்தவர்கள் நீங்கள், இடம் உங்களுக்குத் தெரியும். கட்சீன் முடியும்போது வலது மூலையில் சேவ் ஆகிற சக்கரம் சுற்றுமே, பிப்ரவரி 27 இரவு என் டிவியில் அது சுற்றிக்கொண்டே இருந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இன்னும் சுற்றியது. அப்புறம் திரை கறுத்து முகப்புப் பக்கம் வந்தது. ‘தொடர்க’ என்கிற வரி சாம்பல் பூத்துக் கிடந்தது, அமுக்கினால் அசையவில்லை. ‘புதிய ஆட்டம்’ மட்டும் பளிச்சென்று மின்னியது. என்ன ஒரு தைரியம் அதற்கு!

43 மணி நேரம். நான் அச்சகத்தில் வேலை பார்க்கிறவன். பிள்ளைகள் தூங்கி, மறுநாள் மாவை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்து, பத்தரைக்கு மேல் எனக்குக் கிடைப்பது ஒன்றேகால் மணி நேரம். 43 மணி நேரம் என்பது எனக்கு ஒரு மாதத்துக்கும் மேல். இணையத்தில், அதாவது கிளவுடில் இருந்த நகலும் அதே கெட்டுப்போன ஃபைலாக மாறியிருந்தது. இத்தனை பெரிய கேமில் ஒரே ஒரு சேவ் இடம் வைக்க யார் யோசனை சொன்னது? எங்கள் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை ஃபைலுக்குக்கூட மூன்று நகல் வைப்போம். புதியது சரியாக ஏறிவிட்டதா என்று பார்த்த பிறகுதான் பழையதில் கை வைப்போம்.

சரி, கோளாறு எந்தப் பொருளிலும் வரும். அதற்காக நான் ஆறு கடிதம் எழுதுகிறவன் அல்ல. மார்ச் 9, மதியம் மூன்று மணி வாக்கில் உங்கள் சேவைப் பிரிவுக்குப் போன் செய்தபோது நடந்ததற்காகத்தான் எழுதுகிறேன். உங்களிடம் பதிவு இருக்கும், போட்டுக் கேளுங்கள். 34 நிமிடம் பாட்டைக் கேட்க வைத்த பிறகு ஒரு தம்பி வந்தார். பொறுமையாக எல்லாம் சொன்னேன். நான் சொல்லி முடித்ததும் அவர் சொன்னது இது:

“சார், ரிவ்யூ பார்த்துட்டுத்தான வாங்குனீங்க? எல்லாருமே செவன்தான் குடுத்திருக்காங்க. செவன்னா அப்படித்தான் சார் இருக்கும்.”

சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

ஆமாம், விமர்சனங்களைப் படித்துவிட்டுத்தான் வாங்கினேன். பத்துக்கு ஆறும் ஏழும் எட்டுமாகத்தான் இருந்தன. என்னிடம் கேட்டிருந்தால் நானும் ஏழரை போட்டிருப்பேன். துடுப்பு போடும்போது கன்ட்ரோலரின் பொத்தான் நீரோட்டத்துக்கு எதிராக விறைக்கிறதே, அதைச் செய்தவருக்குக் கைகொடுக்க வேண்டும். ஓடக்கூலி கொடுக்கக் காசில்லாமல் ஏறும் அந்தக் கிழவி, பாதி ஆற்றில் தன் மகன் கதையைத் தொடங்கி, கரை வந்ததும் பாதியில் நிறுத்திவிட்டு இறங்கிப் போவாள். மிச்சக் கதைக்காகவே நான் மறுநாளும் அதே துறைக்குப் போய் நின்றிருக்கிறேன். மழை தகரத்தில் விழுகிற சத்தமும் ஓலையில் விழுகிற சத்தமும் வேறு வேறாகக் கேட்கும். என் மனைவிக்கு கேம் என்றாலே ஆகாது. அவளே அந்தச் சத்தத்துக்காகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

குறையும் தெரியும். கரையில் இறங்கினால் சண்டை சவசவ என்று இருக்கும். கேமரா நாணல் புதருக்குள் புகுந்துகொண்டு யார் யாரை அடிக்கிறார்கள் என்றே காட்டாது. எதிரிகள் மூன்றே ரகம், சட்டை நிறம்தான் மாறும். ஊர்க்காரர்கள் எல்லோரும் “இந்த வருஷம் தண்ணீர் அதிகம்” என்ற ஒரே வசனத்தைப் பேசுவார்கள். தண்ணீரில் இருக்கும்வரை மீன். கரையேறினாலும் மீன்தான், துள்ளித் துள்ளிச் சாகிறது. இதையெல்லாம் தெரிந்து, சம்மதித்து, ரூ.4,499 கொடுத்தேன். ஏழு என்று போட்ட ஒரு விமர்சகராவது “43 மணி நேரம் ஆடியபின் எல்லாம் அழிந்துபோகும்” என்று எழுதியிருந்தாரா?

சாம்பாரில் உப்பு ஒரு கல் தூக்கல் என்று தெரிந்தேதான் சில ஓட்டல்களுக்குப் போகிறோம், அங்கே பொரியல் நன்றாக இருக்கும் என்பதால். அதற்காகப் பாதிச் சாப்பாட்டில் இலையை உருவிக்கொண்டு போய்விட்டு, “உப்பு தூக்கல்னு தெரிஞ்சுதான சார் வந்தீங்க” என்று கேட்கலாமா? உங்கள் தம்பி கேட்டது அதைத்தான்.

அவர் இந்தத் தொழிலில் இருப்பதால் சில விஷயங்களை அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். 2010-இல் வந்த ‘டெட்லி ப்ரிமோனிஷன்’ என்கிற கேமுக்கு ஐஜிஎன் என்கிற விமர்சனத் தளத்தின் அமெரிக்கப் பிரிவு பத்துக்கு 2 போட்டது, டெஸ்ட்ரக்டாய்ட் என்கிற இன்னொரு தளம் பத்துக்கு 10 போட்டது. ஓட்டுவதும் சுடுவதும் மரத்தனமாக இருந்தும் அதைக் கொண்டாடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதே 2010-இல் ‘ஃபால்அவுட்: நியூ வேகாஸ்’ கோளாறுகளோடுதான் வந்தது. அதைச் செய்த அப்சிடியன் நிறுவனத்துக்கு, விமர்சகர்களின் மதிப்பெண்களைத் தொகுத்து நூற்றுக்கு இத்தனை என்று சொல்லும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் 85 வந்தால் போனஸ் என்று பேச்சு. வந்தது 84. ஒரு மார்க்கில் போனஸ் போனது. இன்று நல்ல ஆர்பிஜி (ஒரு கதாபாத்திரமாகவே வாழ்ந்து ஆடுகிற கேம்) என்று பட்டியல் போடுகிற பலரும் அதைச் சேர்க்கிறார்கள். 2019-இன் ‘டேஸ் கான்’ மெட்டாக்ரிட்டிக்கில் 71 வாங்கியது. அந்த மோட்டார் சைக்கிளுக்கு பெட்ரோல் தேடி அலைந்ததை இன்னும் ஆசையாகப் பேசுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. நூற்றுக்கு எழுபது வாங்குகிற கேமை வாங்குகிறவன் ஏமாளி அல்ல, ஐயா. குறையோடு சேர்த்து நேசிக்கிறவன். உங்களுக்குக் கிடைக்கக்கூடிய ஆகப் பொறுமையான வாடிக்கையாளர் அவன்தான். அவனைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள்.

கோளாறு என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. 2020 டிசம்பரில் ‘சைபர்பங்க் 2077’ என்கிற கேம் எத்தனை கோளாறுகளோடு வந்தது என்பது ஊருக்கே தெரியும். அதைச் செய்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. சோனி ஒரே வாரத்தில் அதைத் தன் டிஜிட்டல் கடையிலிருந்து எடுத்துவிட்டு, 2021 ஜூனில்தான் திரும்பச் சேர்த்தது. அவ்வளவு பெரிய நிறுவனமே தலைகுனிந்தது. நீங்கள் என்னிடம் ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னீர்கள். இன்டர்நெட்டே இல்லாமல் தனியாக ஆடுகிற கேமுக்கு எதற்கு ஐயா ரவுட்டர்? போட்டேன். மூன்று முறை அணைத்துப் போட்டேன். பிள்ளையின் ஆன்லைன் டியூஷன் நின்றதுதான் மிச்சம்.

மதுரையை இன்னும் சொல்லவில்லை. உங்கள் மூன்றாவது மின்னஞ்சலில் “பில்லோடு மதுரை அங்கீகார மையத்தில் கொடுத்தால் டிஸ்க்கை மாற்றித் தருவார்கள்” என்று எழுதியிருந்தீர்கள். டிஸ்க்கை மாற்றினால் அழிந்த சேவ் எப்படி வரும் என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. இருந்தாலும் நம்பி, அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு பஸ் ஏறினேன். இரண்டு மணி நேரம் போய் மாட்டுத்தாவணியில் இறங்கி, ஆட்டோ பிடித்து, நீங்கள் தந்த முகவரிக்குப் போனால் அது செல்போன் கண்ணாடி மாற்றுகிற கடை. “அண்ணே, அந்தக் கம்பெனி டீலிங்கை விட்டு எட்டு மாசம் ஆச்சு. உங்களை மாதிரி வாரம் ஒருத்தர் வர்றாங்க” என்றான் அங்கிருந்த பையன். அவனே பாவப்பட்டு டீ வாங்கிக் கொடுத்தான். அத்தை வீட்டுக்கு என்று எடுத்துப்போன கடலை மிட்டாய்ப் பொட்டலத்தில் ஒன்றை அவனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். இந்த விவகாரத்தில் என்னிடம் மனிதனாகப் பேசியவன் அவன் ஒருவன்தான், அவன் உங்கள் ஊழியனே இல்லை. வாரம் ஒருத்தர் வீதம் எட்டு மாதம் என்றால் எத்தனை பேர் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

மார்ச் 21-ஆம் தேதி அப்டேட்டின் குறிப்பில் ஒரு வரி வந்தது. ஏழாம் அத்தியாயப் பாலத்தில் ஒரு சில ஆட்டக்காரர்களுக்கு ஏற்பட்ட சேவ் சிக்கல் சரிசெய்யப்பட்டது என்று. அதாவது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது! தெரிந்துகொண்டே “இப்படி ஒரு புகார் எங்களுக்கு வேறு எங்கிருந்தும் வரவில்லை” என்று மார்ச் 24-ஆம் தேதி எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘ஒரு சில’ பேரில் நான் ஒருவன். என் மாதம் ஒன்று போனது, தூக்கம் போனது, அந்தக் கிழவியின் மகன் என்ன ஆனான் என்பது தெரியாமலே போனது. என் தங்கை மகன் முதல் நாளே சொன்னான், “மாமா, ஆறு மாசம் கழிச்சு வாங்குங்க, கோளாறைச் சரிபண்ற பேட்ச் வந்துரும், விலையும் பாதியாகும்” என்று. இப்போது அவன் முகத்தில் விழிக்க முடியவில்லை.

பெட்டியைப் பிரித்துவிட்டதால் பணம் கிடையாது என்பது உங்கள் விதி. ஸ்டீம் என்கிற ஆன்லைன் கேம் கடையில் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். அதுவும் எனக்கு உதவியிருக்காது, ஒப்புக்கொள்கிறேன். 43-ஆவது மணி நேரத்தில் கண்ணி வைத்துவிட்டு, பிரித்தாயா என்று கேட்டால் யார்தான் தப்ப முடியும்?

மிரட்டுவதாக நினைக்க வேண்டாம். நான் இதை உங்கள் சொந்த ஆன்லைன் கடையில்தான் வாங்கினேன். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் குறைதீர் அலுவலர் பெற்றுக்கொண்டதைத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஒரு மாதம் தாண்டிவிட்டது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்வது எனக்கு ஐந்து நிமிட வேலை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் மதிப்பு 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. தூத்துக்குடிக்கு நீங்கள்தான் வர வேண்டியிருக்கும். மன உளைச்சலுக்கு ஒரு லட்சம் கேட்பேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன், அவளும் சரி என்றிருக்கிறாள்.

அவ்வளவு தூரம் போக எனக்கும் விருப்பமில்லை. ரூ.4,499-ஐயும் மதுரைச் செலவு ரூ.610-ஐயும் திருப்பித் தாருங்கள். இல்லையென்றால் ஏழாம் அத்தியாயத் தொடக்கத்தில் இருக்கும் ஒரு சேவ் ஃபைலையாவது அனுப்புங்கள், உங்கள் சோதனைக்காரர்களிடம் இல்லாமலா இருக்கும்? எது முடியுமோ அதை 15 நாளுக்குள் செய்யுங்கள். அந்தத் தம்பியை வேலையைவிட்டு எடுக்கச் சொல்லவில்லை. 34 நிமிடக் காத்திருப்புப் பாட்டை அவரையும் ஒருமுறை முழுதாகக் கேட்க வையுங்கள், போதும்.

இப்படிக்கு,
இன்னும் பொறுமை மிச்சமிருக்கும்,
கோவில்பட்டி வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், சக்கரம் சுற்றும் வீடியோ, மார்ச் 24 மின்னஞ்சல்.

பி.கு.: போனை வைத்ததும் சேவைக்கு மதிப்பெண் கேட்டுக் குறுஞ்செய்தி வந்தது. 7 போட்டேன். செவன்னா எப்படி இருக்கும் என்று உங்கள் தம்பியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டிஸ்க் தேவை என்றால் ஆள் அனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள், மதுரைக்கு நான் வருவதாக இல்லை.