சுரங்கத்தைச் சுற்றியுள்ள தண்ணீரை எப்போது அளப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்கள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, சுற்றுவட்டார நீர்வளம் ‘முறையாகக் கண்காணிக்கப்படுகிறது’ என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டது. அந்த வரிக்குள் இருக்கும் வேலையைத்தான் நான் ஓய்வு பெறும்வரை செய்தேன். கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டம் பார்ப்பதும், ஓடைத் தண்ணீரை பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவதும் என் பொறுப்பு. எந்தக் கருவியால் அளக்கிறோம் என்பதைவிட, எப்போது தொடங்கி எப்போது நிறுத்துகிறோம் என்பதே முக்கியம் என்று உறுதியாகச் சொல்வேன்.

கிணற்று நீர்மட்டம் சுரங்கமே இல்லாத இடத்திலும் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும். அந்த இயல்பான ஏற்ற இறக்கத்தை, கரி வெட்டத் தொடங்கும் முன்பே குறைந்தது இரண்டு ஆண்டுகள் பதிவு செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், பின்னால் ஒரு கிணறு வற்றும்போது மழை பொய்த்ததா, பக்கத்துப் பம்ப் இழுத்ததா, சுரங்கம் குடித்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. வற்றிய கிணற்றின் பக்கத்தில் நின்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: “முன்னாடி எவ்வளவு தண்ணி இருந்ததுன்னு உங்க ரிஜிஸ்டர்ல இருக்குமே, பாருங்க.” இல்லை. சுரங்கம் ஓடத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கிணறு பட்டியலிலேயே சேர்ந்திருந்தது. அவர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும், ஆனால் காட்டுவதற்கு ஒரு எண்கூட இல்லை.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் இதற்கு 1994-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. சுரங்கத்தின் விளிம்பிலிருந்து, செங்குத்துக் கோட்டுக்கு 35 டிகிரி வெளிப்பக்கம் சாய்த்து மேலே கோடு போட்டால் தரையில் ஒரு பரப்பு கிடைக்கும். அதற்குள் இருக்கும் கிணறோ ஊற்றோ கெட்டால், காரணம் சுரங்கம்தான் என்று முதலில் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது நிறுவனத்தின் பாடு. அதனால் முன்கூட்டியே அளந்து வைக்கும் அக்கறை நிறுவனத்துக்கே வந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்து இதைவிட நியாயமான ஏற்பாடு இல்லை.

அப்புறம், அளவுகளை வாசிப்பதில் வெளியாருக்குத் தெரியாத ஒரு சிக்கல் இருக்கிறது. ‘லாங்வால்’ முறையில் கரி அடுக்கை முழுசாக எடுத்துவிட்டு, பின்னால் கூரையைச் சரிய விடுவார்கள். மேலே தரை இறங்கும். ஒரு மீட்டருக்கு மேல் இறங்குவதும் உண்டு. நாங்கள் நீர்மட்டம் பார்ப்பதோ கிணற்றுக் குழாயின் விளிம்பிலிருந்து. டேப்பை உள்ளே விடுவோம், முனை தண்ணீரைத் தொட்டதும் பீப் ஒலிக்கும், அந்த ஆழத்தைக் குறித்துக்கொள்வோம். தரை ஒரு மீட்டர் இறங்கினால் குழாயும் கூடவே இறங்கும். அதே சமயம் தண்ணீர் அரை மீட்டர் குறைந்திருந்தால், ரிஜிஸ்டரில் ‘நீர்மட்டம் அரை மீட்டர் உயர்வு’ என்று விழும்! நிலம் அமிழாத தூரத்தில் உள்ள, உயரம் தெரிந்த ஒரு நிலையான குறியிலிருந்து குழாயின் உயரத்தைத் திரும்பத் திரும்ப சர்வே செய்து திருத்தினால்தான் உண்மை தெரியும். அந்தத் திருத்தம் இல்லாத அட்டவணைகள் அறிக்கைகளில் போவதை நான் பார்த்திருக்கிறேன். நல்ல செய்தி போலவே இருக்கும்.

ஓடைகளிலும் கவனம் வேண்டும். படுகைப் பாறை விரிசல் விட்டால் தண்ணீர் உள்ளே போய்விடும். கொஞ்ச தூரம் தள்ளி மறுபடி வெளியே வரலாம், வராமலும் போகலாம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் காட்டராக்ட் ஆற்றுக்கு 1990-களில் இதுதான் நடந்தது. கரி வெட்டும் பகுதிக்கு மேற்புறமும் கீழ்ப்புறமும் ஒரே நாளில் ஓட்டத்தை அளந்தால்தான் இந்த இழப்பு பிடிபடும். தண்ணீர் மாதிரியில் இரும்பு பார்ப்பதாக இருந்தால், அங்கேயே வடிகட்டி அமிலம் சேர்த்துவிட வேண்டும். அப்படியே விட்டால் இரும்பு அடியில் படிந்துவிடும், ஆய்வகம் குறைவான அளவைச் சொல்லும்.

எனக்கு அதிகக் கவலை தருவது சுரங்கம் மூடிய பிறகுள்ள காலம். வேலை நடக்கும்வரை பம்புகள் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கும். உள்ளே பாறையிலும் மிச்சக் கரியிலும் உள்ள பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம், காற்றும் ஈரமும் பட்டுச் சிதைந்து உப்புகளாகப் படியும். பம்ப் நின்றதும் தண்ணீர் மெதுவாக ஏறி அந்த உப்புகளைக் கரைக்கும். நிரம்பி வழிய சில ஆண்டுகள் ஆகலாம், பல பத்தாண்டுகளும் ஆகலாம். முதலில் வழிந்து வரும் தண்ணீர்தான் பெரும்பாலும் மோசமானது. இரும்பும் சல்பேட்டும் நிறைந்து ஓடையைச் செம்மஞ்சளாக்கிவிடும். அந்த நேரத்தில் அளக்க ஆளே இருப்பதில்லை. அலுவலகம் காலி, கண்காணிப்புக் கிணறுகளின் மூடி துருப்பிடித்துக் கிடக்கும்.

ஜெர்மனியில் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. ரூர் பகுதியில் சில இடங்களில் தரை 20 மீட்டருக்கும் அதிகமாக இறங்கியிருப்பதால், அங்கே இன்றும் தண்ணீர் இறைக்கிறார்கள். முடிவே இல்லாத வேலை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, அதற்கென்று ஓர் அறக்கட்டளையே வைத்திருக்கிறார்கள்.

அடுத்த முறை ஒரு சுரங்கத்துக்கு அனுமதி கேட்கும் செய்தி வரும்போது, உங்கள் நிருபர்கள் நீர்மட்டப் பதிவு எந்த ஆண்டிலிருந்து இருக்கிறது என்று கேட்கட்டும். குழாய் உயரத்தைத் திருத்திய அளவுகளை, அந்தந்த மாதம் கரி வெட்டிய இடத்தின் வரைபடத்தோடு கிணற்றுக்காரர்கள் பார்க்க முடியுமா என்றும் கேட்கட்டும். சுரங்கம் மூடிய பின் அளப்பதற்கான பணம் இப்போதே தனியாக எடுத்து வைக்கப்பட்டிருக்கிறதா, எத்தனை ஆண்டுக்கு என்பதற்கும் எழுத்தில் பதில் வாங்கி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நிலத்தடி நீர் களப்பணியாளர்